அட்வான்ஸுக்கு வாங்கும் கடனும் வாடகைதான்

கேள்வி: பென்னாகரம் பக்கத்துக் கிராமத்துக்காரன் நான். ஓசூர் சிப்காட்டில் வேலை கிடைத்திருக்கிறது. பிடித்தம் போகக் கைக்கு 16,500 ரூபாய் வரும். தனியாகத் தங்க ஒரு ரூம், சின்ன கிச்சன், பாத்ரூமோடு ஒரு வீடு பார்த்தேன். வாடகை 5,500. அட்வான்ஸ் பத்து மாதம், 55,000 கேட்கிறார்கள். என்னிடம் 20,000 இருக்கிறது. மீதியை ஊரில் ரெண்டு வட்டிக்கு வாங்கிக் கட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. 35,000 ரூபாய்க்கு ரெண்டு வட்டி என்றால் மாதம் 700. அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. வீட்டுக்காரர் கைக்குப் போவது 5,500 என்றாலும் உங்கள் பையிலிருந்து போவது 6,200. வாடகையை மட்டும் பார்த்து 'கட்டுப்படியாகும்' என்று நினைப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

பத்து மாத அட்வான்ஸ் பெங்களூர்ப் பழக்கம். நாற்பது கிலோமீட்டர்தானே, அந்தக் காற்று ஓசூரிலும் அடிக்கிறது. ஆனால் இங்கே நடப்பது தமிழ்நாட்டுச் சட்டம். 2017-ல் இயற்றி 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. ஒரு சந்து உண்டு: இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது செல்லும். அதனால் சட்டத்தைப் பேசுவதென்றால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பேசுங்கள்.

சட்டத்தைக் காட்டி மிரட்டினால் வீடு கிடைக்காது என்பதும் நிஜம். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "வாடகையில் 300 சேர்த்துத் தருகிறேன், அட்வான்ஸை மூன்று மாதமாக வைத்துக்கொள்ளுங்கள்." 5,800 வீதம் மூன்று மாதம் 17,400. கடனே வேண்டாம், மாதம் 400 மிச்சம். அப்புறம் கையில் 2,600தான் நிற்கும், அடுப்பும் பக்கெட்டும் வாங்கி முதல் சம்பளம் வரை ஓட்டுவது கஷ்டம். முடிந்தால் முதல் ஒரு மாதம் கூட வேலை செய்பவர்களோடு ரூமைப் பங்கு போட்டுத் தங்கிவிட்டு வீடு எடுங்கள். கம்பெனி பஸ் எங்கே நிற்கிறது, நைட் ஷிஃப்ட் முடிந்து எப்படித் திரும்புவது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

அடுத்து கரன்ட். தனி இ.பி. மீட்டரா, வீட்டுக்காரர் இணைப்பிலிருந்து பிரித்துக் கொடுக்கும் சப் மீட்டரா என்று கேளுங்கள். தனி இணைப்பு என்றால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஃபேன், லைட், செல்போன் சார்ஜ் என்று இருக்கும் ஒற்றை ஆளுக்கு அது கிட்டத்தட்டப் போதும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டு மாதத்தில் 80 யூனிட் ஓடினாலே 720, அதாவது மாதம் 360. தனி மீட்டர் உள்ள வீட்டுக்கு மாதம் 300 கூடுதலாகக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

தண்ணீர் விஷயம் உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. வீட்டில் அந்தக் குழாய் இருக்கிறதா, வெறும் போர் தண்ணீர்தானா என்று பாருங்கள். போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது. கேன் வாங்க வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் வாடகையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதினோரு மாத அக்ரிமென்ட் போட்டால் பதிவு வேண்டாம் என்று புரோக்கர் சொல்வார். அது பழைய பேச்சு. இப்போதைய சட்டப்படி எத்தனை மாதமானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஆன்லைனிலேயே செய்யலாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். உங்கள் பாக்கியை மட்டும் பிடித்துக்கொள்ளலாம். பிரச்சினை பெரும்பாலும் 'பெயிண்ட் காசு' என்ற பெயரில் வரும். எவ்வளவு பிடிப்பார்கள் என்பதை இப்போதே அக்ரிமென்டில் எழுதச் சொல்லுங்கள். சாமான் இறக்கும் முன் சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் செல்போனில் வீடியோ எடுத்து, அன்றைக்கே வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.