ரயிலைக் கம்பனிக்குக் கொடுத்தால், பிந்தும்போது யாரைப் பிடிப்பது?

கேள்வி: "ரயில் சேவையை ஒப்பந்தத்தில் தனியாருக்குக் கொடுத்தால், சேவை மோசமாகும்போது அவர்களிடம் கணக்குக் கேட்க முடியுமா? கொழும்பில் இது சரிவருமா?"

கேட்கலாம். ஆனால் "தாமதம்" என்றால் என்னவென்று ஒப்பந்தத்தில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். நான் இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவன்.

2011இலிருந்து நாலு வருடம் தெற்கு லண்டனில் இருந்தேன். நான் வேலைக்குப் போன பாதையில் ஒரு தனியார் கம்பனி ரயில் ஓட்டியது, பெயர் வேண்டாம். அரை மணித்தியாலம் பிந்தினால் டிக்கெட் காசில் பாதி திரும்ப வரும் என்று ஸ்டேஷனில் ஒட்டியிருந்தார்கள். ஊரிலிருந்து போனவனுக்கு அது அதிசயம்தானே! ஆனால் என் ரயில் பிந்துவது 18 நிமிடம், 22 நிமிடம், ஒருநாள் 28. நாலு வருடத்தில் மூன்று தடவைதான் எனக்குக் காசு வந்தது. பிறகு பல பாதைகளில் 15 நிமிடம் பிந்தினாலே கால்வாசி என்று மாற்றினார்கள். அதற்குள் நான் வெள்ளவத்தைக்கே திரும்பிவிட்டேன்.

நான் இருந்த காலத்தில் அங்கே தண்டவாளம், சிக்னல் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில்; ரயில் ஓட்டியது வேறு தனியார் கம்பனிகள். சிக்னல் பழுதால் ரயில் பிந்தினால் தண்டவாளக்காரர் கம்பனிக்கு நட்டஈடு கட்டுவார். அது தானாகவே போய்ச் சேர்ந்துவிடும். மேடையில் குளிரில் நின்ற பிரயாணிதான் படிவம் நிரப்பி, டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்ப நேரமில்லாதவருக்கு ஒன்றுமில்லை. எந்த நிமிடம் யாருடைய பிழை என்று தீர்க்க இரு பக்கமும் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தார்கள் என்பது தெரிந்தபோது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை.

இன்னொரு சூட்சுமம், நேரத்தை எங்கே அளக்கிறார்கள் என்பது. பிரித்தானியாவில் நீண்டகாலம் கடைசி ஸ்டேஷனில் மட்டும்தான் பார்த்தார்கள். அங்கே 5 நிமிடத்துக்குள், தூரப் பயணமென்றால் 10 நிமிடத்துக்குள் வந்தால் "நேரத்துக்கு வந்தது" என்று கணக்கு. அதனால் கடைசி ஸ்டேஷனுக்கு முன்னால் அட்டவணையில் கொஞ்சம் நேரத்தைக் கூட்டி வைத்துவிடுவார்கள். மெல்பேர்னில் வேறு மாதிரி: பிந்திய ரயில் இடையில் உள்ள ஸ்டேஷன்களில் நிற்காமல் ஓடி நேரத்தைப் பிடிக்கிறது என்று வருடக்கணக்கில் முறைப்பாடு. இதை எங்கள் கரையோரப் பாதைக்கு வைத்துப் பாருங்கள். பாணந்துறையிலிருந்து வரும் ரயிலை மருதானையில் மட்டும் அளந்தால், தெஹிவளையிலும் பம்பலப்பிட்டியிலும் காத்து நிற்பவர் அந்தக் கணக்கிலேயே இல்லை.

சரி, தண்டப்பணம் சரிவராவிட்டால் ஒப்பந்தத்தையே பறிக்கலாம்தானே என்பீர்கள். லண்டன்–எடின்பரோ கிழக்குக் கரைப் பாதையை அரசாங்கம் 2009இலும் 2018இலும் திரும்ப எடுத்தது. இரண்டு தடவையும் சேவை மோசம் என்பதற்காக அல்ல, வருமானத்தைக் கூடுதலாகக் கணக்குப் போட்டு, அரசுக்குக் கட்டுவதாகச் சொன்ன காசைக் கம்பனியால் கட்ட முடியவில்லை என்பதற்காக. 2009இல் கைவிட்ட கம்பனி தன்னிடமிருந்த வேறு பாதைகளைத் தொடர்ந்து ஓட்டிக்கொண்டுதான் இருந்தது. எடுத்த உடனே ரயில் ஓட்ட அரசாங்கத்திடம் ஆளும் அமைப்பும் தயாராக இருந்ததால்தான் அந்தளவாவது முடிந்தது.

கொழும்புக்கு வருவோம். இங்கே ரயில் ஓட்டுவது அரச திணைக்களம். 2011இல் ராஜதானி எக்ஸ்பிரஸ், எக்ஸ்போ ரயில் என்று தனியார் சொகுசுப் பெட்டிகள் வந்தது நினைவிருக்கலாம். கம்பனி நடத்தியது அந்தப் பெட்டிகளை மட்டும்தான். எஞ்சின், சாரதி, சிக்னல், தண்டவாளம் எல்லாம் அரசுடையது. அப்படிப்பட்ட ரயில் பிந்தினால் கம்பனி "எஞ்சின் என்னுடையதல்ல" என்று சொல்லிவிடலாம், அது பொய்யும் அல்ல. அரைகுறையாகப் பிரித்துக் கொடுத்தால் இதுதான் நடக்கும். கொடுப்பதென்றால் ஒரு பாதை முழுவதையும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிடலாம் என்பது என் எண்ணம். என் மச்சான் இதை ஒப்புக்கொள்ள மாட்டார், அவர் எல்லாவற்றையும் விற்கச் சொல்கிற ஆள்.

இன்னுமொன்று. 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டம் அரச கந்தோர்களை மட்டும் கட்டுப்படுத்துவதில்லை. அரசாங்கத்தோடு ஒப்பந்தம் செய்து பொதுச் சேவை நடத்தும் தனியார் நிறுவனமும், அந்தச் சேவையைப் பொறுத்தவரை, அதற்குள் வரும். நாளைக்கு ஒரு கம்பனி வந்தால், எந்த ஸ்டேஷனில் எத்தனை மணிக்கு ரயில் நின்றது என்ற பதிவை அவர்களிடமே எழுத்தில் கேட்கலாம். அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. அதே கேள்வியை இன்றைக்குத் திணைக்களத்திடமும் கேட்கலாம். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், காரணம் சொல்லத் தேவையில்லை.