விறகடுப்பு – கடிதம்

அன்புள்ள ஐயா,

மாசசூசெட்ஸில் நூறு வருஷத்துப் பழைய வீடு ஒன்றை வாங்கினோம். நிலவறையில் தட்டுமுட்டுச் சாமான்களுக்கு அடியில் ஒரு வார்ப்பிரும்பு விறகடுப்பு கிடந்தது. கதவில் ‘க்ளென்வுட்’ என்று வார்த்திருக்கிறது. துருவைச் சுரண்டிவிட்டேன். பழையபடி நிக்கல் பூசுவதா, கறுப்பு பெயின்ட் போதுமா? அதில் ஆச்சி வைக்கும் புளிக்குழம்பை வைத்துப் பார்க்க ஆசை. அந்த விறகுப்புகை வாசனைக்கு ஈடு ஏது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

நிக்கல் உங்கள் இஷ்டம், உங்கள் காசு. சாதாரணப் பெயின்ட் வேண்டாம், முதல் தீயிலேயே பொரிந்து நாறும். கிராஃபைட் கலந்த அடுப்பு மை அங்கே கிடைக்கும், துணியால் தேய்த்தால் போதும்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி வரிக்காக. அந்த அடுப்பில் புகை வாசனை வராது. வந்தால் அடுப்பு பழுது என்று அர்த்தம்! உங்கள் மாநிலத்திலேயே டாண்டன் ஊரில், 1879-இல் தொடங்கிய வெய்ர் ஸ்டவ் கம்பெனி வார்த்த சரக்கு அது. அதைச் செய்தவர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டது முழுக்கப் புகையை வீட்டுக்குள் விடாமல் எப்படிச் சுற்றவிட்டு வெளியே அனுப்புவது என்பதற்குத்தான். பற்றவைக்கும்போது புகை நேரே குழாயில் ஏறும். தீ நன்றாகப் பிடித்ததும் ஒரு கைப்பிடியைத் தள்ளினால் அதே புகை ரொட்டி சுடும் அறைக்கு மேலே போய், பக்கவாட்டில் இறங்கி, அடியில் புகுந்து சூட்டையெல்லாம் கொடுத்துவிட்டு வெளியேறும்.

கோவில்பட்டிப் பக்கம் என் பெரியம்மா வீட்டு அடுப்படியில் புகை ஓட்டு இடுக்கு வழியாகப் போகும், போக மனமிருந்தால். ஈர விறகை வைத்துக்கொண்டு ஊதாங்குழலோடு மல்லுக்கட்டுவாள். கடைசிக் காலத்தில் மூச்சிரைப்புக்காகக் கூட்டிப்போனபோது, எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர் “எத்தனை வருஷமா பீடி குடிக்கிறீங்க?” என்றார். பெரியம்மா சிரித்தாள், அந்தச் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. பீடியைக் கையால் தொட்டவள்கூட இல்லை. அவள் குழம்பின் வாசனையைப் பற்றி நாங்களும்தான் பேசுகிறோம், வெளித் திண்ணையில் இலை போட்டுச் சாப்பிட்டவர்கள்.

நமக்கு வழி தெரியாமல் இல்லை. ஹைதராபாத் பொறியியல் ஆய்வகத்தில் எஸ்.பி. ராஜு புகைபோக்கி வைத்த மண் அடுப்பை வடிவமைத்து 1953-இலேயே புத்தகம் போட்டுவிட்டார். 1980களில் அரசே ஊர் ஊராகப் புகையில்லா அடுப்பு வைத்தது. குழாயில் கரி அடைத்தது, துடைக்க ஆளில்லை. வருஷா வருஷம் வைக்கோல்போர் மேல் ஏறத் தெரிந்த ஆண்பிள்ளைகளுக்கு ஒரு குழாயில் கம்பி விட்டுக் குத்தத் தோன்றவில்லை. உங்கள் ஆச்சி அடுப்படியிலும் யாருக்கும் தோன்றியிருக்காது. கோபப்படாதீர்கள், உங்களை மட்டும் சொல்லவில்லை.

சரி, வேலைக்கு வாருங்கள். ராத்திரி விளக்கணைத்துவிட்டு அடுப்புக்குள் ஒரு டார்ச்சை வையுங்கள். எந்த மூட்டில் வெளிச்சம் கசிகிறதோ அங்கே பூச்சு உதிர்ந்திருக்கிறது, அடுப்பு சிமென்ட் வைத்து அடையுங்கள். ரொட்டி அறைக்குக் கீழே குட்டிக் கதவு ஒன்று இருக்கும், அதைத் திறந்து பழைய சாம்பலை வாருங்கள். பழைய குழாயில் வெள்ளையாக ஏதாவது சுற்றியிருந்தால் கை வைக்காதீர்கள், கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம், ஆளைக் கூப்பிடுங்கள். மரச்சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி வையுங்கள். செங்கல் புகைபோக்கிக்குள் எஃகுக் குழாய் இறக்காமல் ஒரு குச்சிகூடக் கொளுத்த வேண்டாம். ஈர விறகின் புகை உள்ளே குளிர்ந்து தாராகப் படியும், ஒருநாள் அந்தத் தாரே பற்றிக்கொள்ளும். முதல் சில தீ சின்னதாக இருக்கட்டும், திடீர்ச் சூட்டில் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

அப்புறம், ‘வாங்கினோம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். மற்றவர் இந்த அடுப்பைப் பற்றி என்ன சொல்கிறார் என்று ஒரு வரி இல்லை. விறகு யார் பிளப்பது, சாம்பல் யார் அள்ளுவது என்று பேசி முடித்துவிட்டு அவரையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.