மோட்டார் பூட்டிய பின் கிணறு உவர்ப்பது ஏன்?

திருகோணமலைக் கரையோரத்து நிலாவெளியில் வாளியால் அள்ளிய காலமெல்லாம் நன்னீர் தந்த கிணறு, மோட்டார் பூட்டிய பின் தேநீரில் உப்புத் தட்டும் அளவுக்கு மாறியது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிலாவெளி, குச்சவெளிக் கரையோர மணலில் ஊறும் மாரிமழை, தன்னிலும் அடர்த்தி கூடிய கடல்நீரின் மேல் வில்லைபோல மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும். ஆகவே மோட்டார் அந்த மட்டத்தை அரை அடி இறக்கி அப்படியே வைத்திருந்தால், உவர்நீர் நாளடைவில் 20 அடிவரை மேலேறக்கூடும். கிணற்றை மேலும் ஆழமாக்குவது உப்பைத் தேடிப் போவதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 2004 சுனாமிக்குப் பின் கிணறுகளை ஓயாமல் இறைத்த சில இடங்களில் உவர் கூடியதும் இதனாலேயே.

ஆழம் குறைந்த, அகலமான கிணற்றில் சிறிய மோட்டாரால் விட்டுவிட்டு இறையுங்கள். கூரைநீரை முற்றத்து மணலுக்குள் இறக்குங்கள். மலசலகூடக் குழி அருகிலிருந்தால் கழிவிலிருந்து நீரில் கலக்கும் நைத்திரேற்று என்ற இரசாயனத்தையும் பரிசோதியுங்கள்: உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம், கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிர, நைத்திரேற்று நீங்காது.