டென்ஷனா, வெயிலா, களிம்பா? ஹெர்பிஸ் பற்றி வாசகர் கேள்விகள்

உதட்டிலும் பிறப்புறுப்பிலும் கொப்புளமாக வந்து வந்து போகும் வைரஸ் தொற்றான ஹெர்பிஸ் பற்றிப் போன முறை இரண்டு பத்தி எழுதியதற்கு இத்தனை கடிதங்களை எதிர்பார்க்கவில்லை. பாதிக்கு மேல் ஒரே கேள்வி: டென்ஷனால் வருகிறதா? மீதி 'என் நண்பருக்கு' என்று தொடங்குகின்றன. நண்பர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

பிளஸ் டூ படிக்கும் மகனுக்குத் தேர்வு வந்தாலே உதட்டோரம் கொப்புளம். பயம்தான் காரணமா? (வாசகி, கொருக்குப்பேட்டை)

தேர்வு அறை வாசலில் வரும் படபடப்புக்கு அவ்வளவு சக்தி கிடையாதம்மா. சிறு வயதில் எப்போதோ தொற்றிய வைரஸ் முகத்து நரம்பு முடிச்சில் ஆயுள் முழுக்கத் தங்கியிருக்கும். எதிர்ப்பு சக்தியின் காவலர்களான டி செல்கள் அதை அடக்கி வைத்திருக்கின்றன. வாரக்கணக்கில் நீளும் கவலையில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறியே கிடந்தால் அந்தக் காவல் தளர்கிறது. 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பிறப்புறுப்பு ஹெர்பிஸ் உள்ள பெண்களை ஆறு மாதம் கவனித்தது. ஒரு வாரத்துக்கு மேல் இழுத்த உளைச்சலுக்குப் பிறகு கொப்புளம் வருவது கூடியிருந்தது. வந்து போகும் கோபத்துக்கும் வருத்தத்துக்கும் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை.

ஆகவே தேர்வு நாளை விட்டுவிட்டு அதற்கு முந்தைய இரண்டு மாதத்தைப் பாருங்கள். விடியற்காலை டியூஷன், நள்ளிரவு வரை படிப்பு, அரைகுறைத் தூக்கம். பையனைத் தூங்க விடுங்கள். உதட்டில் குறுகுறுப்பு தெரிந்த அன்றே மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையைத் தொடங்க வேண்டும். கொப்புளம் நன்றாகப் பழுத்த பிறகு தொடங்கினால் பெரிய பலன் இல்லை. கிள்ளவும் கூடாது.

கடலுக்குப் போய் வந்தால் இரண்டொரு நாளில் உதடு கொப்பளிக்கிறது. மீன்பாடு நன்றாக இருந்தால் கட்டாயம் வருகிறது. அதிக சந்தோஷமும் ஆகாதா? (வாசகர், காசிமேடு)

சந்தோஷப்படுங்கள். பாடு நன்றாக இருந்தால் கூடுதல் நேரம் கடலில் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். புற ஊதாக் கதிர் உதட்டு ஹெர்பிஸை எழுப்பும் என்பது நன்றாக நிரூபணமான விஷயம். தலைக்கு மேல் வெயில், தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் வேறு. அகலத் தொப்பி போடுங்கள். உதட்டுக்கு வெயிலைத் தடுக்கும், எஸ்பிஎஃப் 30 போட்ட லிப் பாம் தடவுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை.

மாமனார் வீட்டுக்குப் போனாலே வருகிறது. (வியாசர்பாடி)

எத்தனை நாள் தங்குகிறீர்கள்? இரண்டு நாள் என்றால் மாமனார் நிரபராதி.

என் நண்பருக்குப் பிறப்புறுப்பில் ஹெர்பிஸ். மனைவியுடன் சேர்ந்த மறுநாள் கொப்புளம் வருகிறது. உணர்ச்சிவசப்படுவதே தூண்டுகிறதா? (பெயர் வேண்டாம், பெரம்பூர்)

உணர்ச்சி இல்லை, உராய்வு. அடிபட்ட தோலில் வைரஸ் தலை காட்டுவது வழக்கம். வழுக்குத் திரவம் பயன்படுத்தச் சொல்லுங்கள். புண் முழுதாக ஆறும் வரை நெருக்கம் வேண்டாம். ஆணுறை ஆபத்தைக் குறைக்கும், முற்றாகத் தடுக்காது. தினமும் வைரஸை அடக்கும் வாலாசைக்ளோவிர் மாத்திரை எடுத்தால் துணைக்குப் பரவுவது ஏறத்தாழ பாதியாகக் குறையும். மனைவிக்குத் தெரியுமா என்பதை 'நண்பர்' எழுதவில்லை. தெரிய வேண்டும்.

மருந்துக்கடையில் கேட்டு ஒரு க்ரீம் போட்டேன். இரண்டு நாள் அடங்கி, பிறகு கன்னம் வரை பரவிவிட்டது. வேலையில் நெருக்கடி அதிகம், அதுதான் காரணமா? (பழைய வண்ணாரப்பேட்டை)

இல்லை. உங்கள் க்ரீம்தான் காரணம். நீங்கள் எழுதியிருப்பது ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் சேர்ந்த கலவை. சிவப்பையும் எரிச்சலையும் ஸ்டீராய்டு அமுக்கியதால் இரண்டு நாள் குணமானது போலத் தெரிந்தது. எதிர்ப்பு சக்தியைக் கட்டிப்போட்டு வைரஸுக்குக் கதவைத் திறந்துவிட்டதும் அதே ஸ்டீராய்டுதான். மற்ற இரண்டு மருந்துகளுக்கும் வைரஸிடம் வேலையே இல்லை.

இதை எத்தனை முறை எழுதுவது? படர்தாமரைக்கும் அதே ட்யூப், முகப்பருவுக்கும் அதே ட்யூப், முகம் வெளுக்கவும் அதே ட்யூப். இந்தக் களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதி கொண்டுவந்துவிட்டது. ஆனால் ஐம்பது ரூபாயைக் கல்லாவில் வைத்தால் சீட்டை யார் கேட்கிறார்கள்? கடைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. 'அண்ணே, போன தடவை கொடுத்த அதே க்ரீம்' என்று கேட்பவர் நீங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பாதி ட்யூபைப் பிதுக்கிப் பூசுபவரும் நீங்கள்.

இதைவிடப் பயங்கரம் கண். கண் சிவந்து, கூசி, நீர் வடிகிறது என்று ஸ்டீராய்டு சொட்டு மருந்தைக் கேட்டு வாங்கி விடுகிறார்கள். அது கருவிழி ஹெர்பிஸாக இருந்தால் புண் ஆழமாகி, தழும்பாகிப் பார்வையே போகலாம். கண்ணருகே கொப்புளம் வந்தாலோ கண் வலித்தாலோ அன்றைக்கே எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: க்ரீமைக் குப்பையில் போட்டுவிட்டு நாளைக்கே தோல் மருத்துவரிடம் போங்கள். ட்யூப் அட்டையை மட்டும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

திருமணமாகி ஆறு வருடம். எனக்கு இப்போதுதான் முதல் முறையாகப் பிறப்புறுப்பில் புண். கணவர் கப்பலில் வேலை. சந்தேகப்படலாமா? (திருவொற்றியூர்)

புண்ணை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. உங்கள் இருவரில் யாரோ ஒருவருக்குப் பல வருடங்களாகச் சத்தமில்லாமல் இருந்து இப்போது வெளிப்பட்டிருக்கலாம். உதட்டு ஹெர்பிஸ் வாய்வழி உறவில் அங்கே போயிருக்கலாம். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்தப் பரிசோதனையும் உறுதியாகச் சொல்லாது. ஐஜிஎம் என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தேடும் ரத்தப் பரிசோதனைக்குப் பணத்தை இறைக்காதீர்கள், அது குழப்பத்தைத்தான் கூட்டும். புண் ஈரமாக இருக்கும்போதே அதிலிருந்து பஞ்சில் மாதிரி எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்ய வேண்டும். கையோடு எச்ஐவி, சிபிலிஸ் இரண்டும் பார்த்துவிடுங்கள். ஸ்டான்லி மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்கே போகலாம்.

உடல் சூடுதானே இது? இளநீர் குடித்தால் போதுமா? (மணலி)

குடியுங்கள், தாகம் தீரும்.

எட்டு மாதக் கர்ப்பிணி. நான்கு வருடமாக ஹெர்பிஸ் உண்டு. பயத்தில் தூக்கம் இல்லை. (ராயபுரம்)

பழைய ஹெர்பிஸ் என்பது உங்களுக்குச் சாதகம். உங்கள் எதிர்ப்புப் புரதங்கள் குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். கடைசி மூன்று மாதத்தில் புதிதாகத் தொற்றினால்தான் பிரசவத்தில் குழந்தைக்குத் தொற்றும் ஆபத்து மிக அதிகம். பழைய நோயில் அது நூற்றில் இரண்டு மூன்றைத் தாண்டாது. உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். 36-ஆவது வாரத்திலிருந்து வைரஸை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை கொடுப்பார்கள். வலி எடுக்கும் நேரத்தில் புண் இருந்தால் சிசேரியன். குழந்தை பிறந்த பிறகு, உதட்டில் கொப்புளத்தோடு கொஞ்ச வரும் உறவினர் யாராக இருந்தாலும் வாசலிலேயே நிறுத்துங்கள்.

குத்துச்சண்டை வீரன். போட்டி நெருங்கும்போது உதட்டில் வருகிறது. பரபரப்பைக் குறைக்க மாத்திரை உண்டா? (தண்டையார்பேட்டை)

பரபரப்பு இருக்கட்டும், சண்டைக்கு அது வேண்டும். எடை குறைக்கப் பட்டினி கிடப்பது, மொட்டை வெயிலில் ஓடுவது, பல் கவசம் உதட்டில் உரசுவது: சந்தேகத்தை இவற்றின் மேல் வையுங்கள். அடிக்கடி வந்தால் போட்டிக் காலத்துக்கு மட்டும் தினசரி அசைக்ளோவிர் கேட்டு வாங்கலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள், அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். புண் காய்ந்து பொருக்கு கட்டும் வரை ஸ்பாரிங் எனும் பயிற்சிச் சண்டை கூடாது. துண்டையும் தலைக்கவசத்தையும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.