ஷெட்டில் நிற்கும் அப்பாவின் ஃபியட்

கேள்வி: அப்பா ஓட்டிய 1988 மாடல் பிரீமியர் பத்மினி ஃபியட் கார், அவர் போன பிறகு எட்டு வருஷமாக ஷெட்டிலேயே நிற்கிறது. விற்க மனசு வரவில்லை. ஒரு தடவையாவது அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். புது பேட்டரி மாட்டி நாலு பேர் தள்ளினால் ஸ்டார்ட் ஆகிவிடும் என்கிறார் இங்குள்ள மெக்கானிக். செய்யலாமா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள் அம்மா. எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட வேண்டும் என்ற அவசரம் எனக்குப் புரிகிறது. என் மாமா வீட்டு ஃபியட்டை நாங்களும் இதே மாதிரி தள்ளித்தான் ஓட வைத்தோம். வண்டி நன்றாகவே ஓடியது. தெருமுனையில் பிரேக்கை மிதித்தபோது பெடல் அப்படியே தரையைத் தொட்டுவிட்டது, நல்லவேளை எதிரே யாரும் வரவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் பிரேக்கை முதலில் பாருங்கள், எஞ்சினைக் கடைசியில் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். எட்டு வருஷ ஈரத்தில், ஒவ்வொரு சக்கரத்திலும் பிரேக்கை அழுத்துகிற வீல் சிலிண்டர் உள்ளே துருப்பிடித்திருக்கும், ரப்பர் கப்புகள் ஊறியோ இறுகியோ போயிருக்கும், பிரேக் ஷூ, சக்கரத்தோடு சுற்றும் டிரம்மோடு ஒட்டிக்கொண்டுகூட இருக்கலாம். நாலு டிரம்மையும் கழற்றச் சொல்லுங்கள். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் கிட், வீல் சிலிண்டர் கப்புகள், ரப்பர் ஹோஸ்கள், புது ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், இதில் மட்டும் காசு பார்க்க வேண்டாம்.

அடுத்தது எலி. ஏர் கிளீனரைத் திறந்தால் கூடு இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒயரைக் கடித்திருந்தால் பேட்டரியை மாட்டிய உடனே ஷார்ட் ஆகி தீப்பிடிக்கவும் வாய்ப்பு உண்டு, அதனால் ஒயரிங்கைப் பார்க்காமல் பேட்டரியைத் தொடவே கூடாது.

டேங்கில் இருக்கும் பழைய பெட்ரோலில் வார்னிஷ் வாடை வரும். அதை முழுக்க வடித்துவிட்டு, டேங்கைக் கழற்றி உள்ளே துரு இருக்கிறதா என்று பார்த்துக் கழுவ வேண்டும். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் சின்னத் துளைகளில், அதாவது ஜெட்டுகளில், பிசின் அடைத்திருக்கும், பிரித்துச் சுத்தம் செய்யாமல் வேலையில்லை. பெட்ரோல் ரப்பர் குழாய்கள் எல்லாமே புதிதாகப் போடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது பழைய ரப்பருக்கு ஒத்துக்கொள்ளாது.

சரி, எஞ்சினுக்கு வருவோம். 1089 சிசி, நாலு சிலிண்டர், கட்டமைப்பு எளிமையானது, பொறுமையாகக் கையாண்டால் உயிர் பெற்றுவிடும். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு ஸ்பூன் எஞ்சின் ஆயில் ஊற்றி ஓரிரு நாள் அப்படியே விடுங்கள். பிறகு பிளக் இல்லாமலே டாப் கியரில் போட்டு வண்டியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தால் எஞ்சின் சுற்றும். சுற்றவில்லையா, மறுபடி ஆயில் விட்டுக் காத்திருங்கள். மெக்கானிக் சொன்னபடி நாலு பேர் பலத்தோடு தள்ளினால், சிலிண்டர் சுவரில் ஒட்டிய பிஸ்டன் ரிங் உடையும், அப்புறம் எஞ்சினையே இறக்க வேண்டியதுதான். லேசாகச் சுற்ற ஆரம்பித்ததும் பழைய எஞ்சின் ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றி, பிளக் போடாமலே ஸ்டார்ட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றவிட்டு, ஆயில் விளக்கு அணைகிறதா என்று பாருங்கள். பிளக்குக்கு ஸ்பார்க் வரவைக்கும் கான்டாக்ட் பாயிண்டைத் தேய்த்துவிட்டு, ரேடியேட்டரில் கூலன்ட் நிரப்பி, புது பிளக் மாட்டிய பிறகு சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் வரும் புகையைக் கண்டு பயப்பட வேண்டாம், அது சிலிண்டரில் ஊற்றிய ஆயில் எரிவது.

டயர் பட்டன் தேயாமல் புதுசு மாதிரி இருந்தாலும் ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. எட்டு வருஷமாக நின்ற வண்டிக்கு ஐந்து டயரையும் மாற்றத்தான் வேண்டும்.

தெருவுக்கு எடுக்கும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள். சொந்த கார் என்றால் 15 வருஷத்துக்குப் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், உங்கள் வண்டிக்கு அது கட்டாயம் காலாவதியாகியிருக்கும். அப்பா பெயரிலிருந்து வாரிசு பெயருக்கு மாற்றும் வேலையும் இருக்கிறது. இன்சூரன்சும் புகைச் சான்றிதழும் கைக்கு வரும்வரை வாசலுக்குள்ளேயே முன்னும் பின்னும் ஓட்டி பிரேக்கைப் பழக்குங்கள். அப்புறம் அப்பாவின் வண்டியில் முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் எஞ்சின் ஆயிலை இன்னொரு தடவை மாற்றிவிடுங்கள்.