ஆங்கிலத்தில் கடினமான சொற்களைப் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தால் சொல்வளம் பெருகுமா?

பெருகாது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். தமிழ் வழியில் பள்ளி முடித்துப் பாளையங்கோட்டையில் கல்லூரி சேர்ந்த வருடம், ஆங்கிலம்-தமிழ் அகராதியைப் பார்த்து தினமும் இருபது சொல் நோட்டில் எழுதி உருப்போட்டேன். ‘நொட்டோரியஸ்’ என்பதற்கு நேரே ‘பேர்போன’ என்று எழுதியிருந்தேன். ஆசிரியர் தின விழா மேடையில், எங்கள் ஆங்கிலப் பேராசிரியரை அந்தச் சொல்லால் பாராட்டிவிட்டேன். கூட்டம் சிரித்தது. எனக்கு ஏன் என்று புரியவில்லை.

மறுநாள் அவரே கூப்பிட்டு விளக்கினார். நம் ஊரில் அல்வாவும் பேர்போனது, திருடனும் பேர்போனவன். ஆங்கிலத்தில் நல்லதற்குப் பேர்போனால் ‘ரினவுண்ட்’, கெட்டதற்கு என்றால் ‘நொட்டோரியஸ்’. “எய்யா, சொல்லை மட்டும் தனியா எடுக்காத. அது இருக்கிற வாக்கியத்தோட எடு” என்றார். அன்றிலிருந்து மாணவர்களுக்கான ஆங்கில-ஆங்கில அகராதிதான். அதில் எடுத்துக்காட்டு வாக்கியம் இருக்கும்; பல சொற்களுக்கு, இகழ்ச்சியாகச் சொல்வது என்ற குறிப்பும் இருக்கும்.

அப்புறம், வேர் பிடித்துப் படிப்பது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். லத்தீனில் ‘ஸ்பெக்’ என்ற வேருக்குப் பார்ப்பது என்று பொருள். இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்து பார்ப்பவர், ஸ்பெக்டேட்டர் வேடிக்கை பார்ப்பவர், ரெட்ராஸ்பெக்ட் திரும்பிப் பார்ப்பது. ‘சர்கம்’ என்றால் சுற்றி. அப்படியானால் ‘சர்கம்ஸ்பெக்ட்’? சுற்றுமுற்றும் பார்த்துக் காலெடுத்து வைக்கிற ஆள்! அகராதி ‘எச்சரிக்கையான’ என்று மட்டும் சொல்லியிருந்தால் எனக்கு மறந்தே போயிருக்கும். ஆனால் வேரை வைத்து ஊகித்ததை அகராதியில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். சில சொற்கள் வேரைவிட்டு வெகுதூரம் வந்துவிட்டன.

படித்தது மறப்பது இயல்பு. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே சோதித்து 1885-இல் இதை எழுதினார்: மறதி முதல் சில மணி நேரத்தில்தான் வேகம். அதனால் நான் மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து என்று நோட்டைத் திருப்புவேன். ஒரு நாளைக்கு ஐந்து சொல், ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம்.

மேற்படிப்புக்காகக் கேட்கிறீர்கள் என்றால், காக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர் 2000-இல் வெளியிட்ட ‘அகடமிக் வேர்ட் லிஸ்ட்’ பாருங்கள்; கல்விப் புத்தகங்களிலும் கட்டுரைகளிலும் அடிக்கடி வரும் சொற்களின் பட்டியல் அது. அதில் இருப்பவை 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே சொல்லிலிருந்து கிளைத்த சொற்களின் கூட்டங்கள். எவிடென்ஸ், எவிடென்ட், எவிடென்ட்லி மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக்கொண்டு அங்கிருந்து ஆரம்பியுங்கள்.