மிச்சிகனுக்கு வரும் அப்பா அம்மாவுக்கு ஏரிக்கரைப் பூங்காக்களில் பார்க்க என்ன இருக்கிறது? பேசாமல் நயாகராவுக்கே போய்விடலாமா?

நீங்கள் டெட்ராய்ட்டைச் சுற்றி நோவை, கேன்டன், டிராய் பக்கம் எங்கோ இருக்கிறீர்கள், ஊரிலிருந்து வந்தவர்கள் திங்கள் முதல் வெள்ளிவரை எதிர்வீட்டுக் கராஜ் கதவைப் பார்த்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதே கேள்வியை வைத்து எங்கள் வீட்டில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. அதனால் பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

முதலில் நயாகரா. போகாதீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் விசிட்டர் விசாவில் வந்தவர்களிடம் கனடா விசா இருக்காது. விண்ட்சர் வழியாகக் குறுக்கே போனால் நாலு மணி நேரத்துச் சொச்சம். அது முடியாமல் டொலிடோ, கிளீவ்லேண்ட் என்று ஈரி ஏரியைச் சுற்றிக்கொண்டு போனால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. போய் இறங்கி, கூட்டத்தில் நின்று போட்டோ எடுத்து, சாம்பார் சாதத்தைக் கார் டிக்கியில் வைத்தே சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். "பாத்தாச்சு" என்பார்கள். அவ்வளவுதான்.

ஸ்டேட் பார்க், அதாவது மாநில அரசின் பூங்கா என்றால் நம் ஆட்கள் பலருக்கு இளக்காரம். உங்கள் வண்டிப் பதிவைப் புதுப்பிக்கும்போதே இந்தப் பூங்காக்களுக்குள் வண்டி நுழைவதற்கான ரிக்ரியேஷன் பாஸ்போர்ட் வேண்டுமா என்று கேட்பார்கள், 2010லிருந்து இருக்கிற ஏற்பாடு. அதற்கு 'ஆம்' போட்டால் நம்பர் பிளேட் ஸ்டிக்கரில் 'பி' என்று அச்சாகி வரும். ஒரு வருடத்துக்கு, நூற்றுக்கும் மேற்பட்ட பூங்காக்களுக்கு, காரில் எத்தனை பேர் இருந்தாலும் அதே காசு. ஒரு பீட்சா விலைதான் ஆகும். இதை எடுக்காமல் வாசலில் நின்று "உள்ளே போகத்தான் வேணுமா?" என்று யோசிக்கிற ஐடி குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன்.

இப்போது எங்கள் கதை. என் மாமியார் விருதுநகர் பக்கம். மாமா கொத்தனார், காலமாகிவிட்டார். அத்தையும் சித்தாளாகக் கூடவே வேலை பார்த்தவர். இங்கே வந்த முதல் மாதத்திலேயே என் கணவர் முடிவு கட்டிவிட்டார்: "அம்மாவுக்கு முட்டி வலி, எங்கயும் நடக்க முடியாது, மால் போதும்." மாலில் என்ன செய்வது? ஏசி குளிரில் பெஞ்சில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்ப்பது. அதை வீட்டிலேயே செய்யலாமே.

நான்தான் பிடிவாதம் பிடித்து லடிங்டனுக்குக் கிளப்பினேன். நோவையிலிருந்து நாலு மணி நேரம். ஒரு பக்கம் ஹேம்லின் ஏரி, இன்னொரு பக்கம் மிச்சிகன் ஏரி, இரண்டையும் இணைத்து ஓடுகிற சின்ன ஆறு, நடுவில் பூங்கா. ஆற்றில் பிள்ளைகள் ரப்பர் டியூபில் மிதந்துகொண்டே பெரிய ஏரிவரைக்கும் போவார்கள். கரையோரம் மேசை, நிழல், அடுப்பு, சுத்தமான கழிப்பறை. பெரியவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு இந்தக் கடைசி அயிட்டம்தான் எந்த அருவியையும்விட முக்கியம். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள்.

அங்கே கரையிலிருந்து பார்த்தால் கறுப்பு வெள்ளைப் பட்டையடித்த ஒரு கலங்கரை விளக்கம் தூரத்தில் தெரியும். பிக் சேபிள் பாயிண்ட். வண்டி போகாது, போக மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மைல் நடக்க வேண்டும். அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதுகிட்ட போக முடியாதாத்தா?" என்று என்னிடம் கேட்டார். மகனிடம் கேட்கவில்லை, கவனியுங்கள். என் கணவர் முட்டியை எடுத்தார், வெயிலை எடுத்தார், சர்க்கரையை எடுத்தார். அத்தை அதற்குள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். ஈரமணல் கெட்டியாக இருக்கும், உள்பாதையைவிட அதில் நடப்பது சுலபம் என்று அவரே கண்டுபிடித்தார். நடுவில் உட்கார்ந்தோம், தண்ணீர் குடித்தோம், புளியோதரை சாப்பிட்டோம், மறுபடி நடந்தோம். வேகமாக வந்த ஒரே ஆள் என் மகன், அவனும் பாதி வழியில் தூக்கச் சொல்லி அழுதான்.

விளக்கத்தின் அடிக்குப் போனதும் அத்தை மேலே பார்க்கவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். டங்கென்று சத்தம். "உள்ள செங்கல்லு. காத்தும் ஈரமும் அரிச்சிருக்கும். அதான் மேல இரும்பைச் சுத்தி விட்டிருக்கான்" என்றார். என் கணவர் வழக்கம்போல "உனக்கு எப்படிம்மா தெரியும்" என்றார். உள்ளே இருந்த தன்னார்வலர் அம்மாவிடம் நான் கேட்டேன். 1867இல் செங்கல்லில் கட்டியதாம். 112 அடி. செங்கல் உதிர ஆரம்பித்ததால் 1900இல் இரும்புத் தகடு போர்த்தினார்களாம். நான் தமிழில் சொன்னதும் அத்தை, "பின்ன? நாப்பது வருசம் செங்கல்லு சுமந்திருக்கேன்" என்றார். 130 படியும் நாங்கள் ஏறினோம், அவர் ஏறவில்லை. கீழே நிழலில் உட்கார்ந்து கட்டடத்தையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அன்றைக்கு என் கணவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

உடனே ஒரு டாக்டர் வந்து "மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களை நாலு மைல் நடக்கச் சொல்கிறீர்களா?" என்று கமெண்ட் போடுவார். சொல்லவில்லை ஐயா. சில குறிப்பிட்ட நாட்களில் விளக்கம்வரை பஸ் விடுகிறார்கள், தேதி பார்த்துப் போகலாம். மணலில் ஓடுகிற சங்கிலிப் பட்டை வைத்த மோட்டார் நாற்காலியையும் பல ஸ்டேட் பார்க்குகளில் இலவசமாகத் தருகிறார்கள், முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இது தெரியாது. தெரிந்தாலும் "நாலு பேர் பார்ப்பாங்க" என்று உட்கார வைக்க மாட்டார்கள்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். மிச்சிகன் ஏரியில் அலையும் உண்டு, இழுப்பும் உண்டு. முக்கியமாக அலைதாங்கிச் சுவர் ஓரம் பிள்ளைகளை விடாதீர்கள். இந்தப் பூங்காக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர் பெரும்பாலும் இருக்க மாட்டார், கொடிதான் இருக்கும். இரட்டைச் சிவப்பு என்றால் தண்ணீரிலேயே இறங்கக் கூடாது. வடக்குக் காற்று பலமாக அடித்தால் ஜூலையில்கூட ஒரே நாளில் தண்ணீர் சில்லிட்டுப்போகும். அப்படிப்பட்ட நாளில் ஹேம்லின் ஏரிப் பக்கம் போங்கள்.

அத்தை புடவையோடுதான் ஏரியில் இறங்கினார். அதைச் சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வந்து ஈரப்புடவையை பால்கனிக் கம்பியில் காயப்போட்டதற்கு எங்கள் அபார்ட்மெண்ட் ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது! தோற்றம் கெடுகிறதாம். எதிர்வீட்டுக்காரர் தன் பால்கனியில் துருப்பிடித்த சைக்கிளும் செத்துப்போன செடித்தொட்டியும் வைத்திருக்கிறார், அதெல்லாம் தோற்றமாம். வெயில் சும்மா எரிகிறது, டிரையரில் நூல்புடவையைப் போட்டுச் சுருக்கி நாசம் பண்ண வேண்டுமா? இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் பெரியவர்கள் இங்கே ஏன் சோர்ந்துபோகிறார்கள் என்று கேட்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்கட்டும்.

இன்னொரு தடவை ஷார்லவாய் பக்கம் ஃபிஷர்மன்ஸ் ஐலண்ட் ஸ்டேட் பார்க்குக்குப் போனோம், பெட்டாஸ்கி கல் பொறுக்க. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முந்தைய பவளம் கல்லாகிப்போனது. காய்ந்திருந்தால் வெறும் சாம்பல் நிறக் கல்தான், நனைத்தால்தான் அறுகோண அறுகோணமாகக் கோலம் தெரியும். மாநில நிலத்தில் ஒருவர் வருடத்துக்கு 25 பவுண்டுவரை எடுக்கலாம். சட்டம் அனுமதித்ததை ஏர்லைன்ஸ்காரன் அனுமதிக்க வேண்டுமே, 23 கிலோப் பெட்டியில் அத்தை எடுத்து வைத்ததையெல்லாம் நான் ராத்திரியோடு ராத்திரியாக எடுத்துவிட்டு நாலே நாலு விட்டுவைத்தேன். ஸ்லீப்பிங் பேர் டியூன்ஸில் மட்டும் கல்லைத் தொடாதீர்கள். அது மத்திய அரசு இடம், ஒரு கல்கூட எடுக்கக் கூடாது, உங்கள் 'பி' ஸ்டிக்கரும் அங்கே செல்லாது. அங்கே 450 அடி மணல்சரிவு ஒன்று நேராக ஏரிக்கு இறங்கும். இறங்குவது விளையாட்டு, ஏறுவதற்குள் சிலருக்கு இரண்டு மணி நேரம் ஆகிவிடும். பெரியவர்களை பியர்ஸ் ஸ்டாக்கிங் டிரைவில் காரிலேயே சுற்றிக் காட்டுங்கள், அதே காட்சிதான்.

தாக்வாமெனான் அருவியைச் சொல்லவில்லையே, அது இருக்கிற மேல் தீபகற்பத்தை, மிச்சிகனின் வடக்குத் துண்டை, விட்டுவிட்டாயே என்பவர்களுக்கு: அழகுதான், போயிருக்கிறேன். ஜூனில் அங்கே கறுப்பு ஈ பிடுங்கி எடுக்கும். பெரியவர்களோடு போவதானால் ஆகஸ்ட் கடைசிக்குத் தள்ளிவையுங்கள்.

ஆனால் உண்மையில் எங்கள் வீட்டில் அன்றாடத்தை மாற்றியது லடிங்டன் இல்லை, பக்கத்திலேயே இருக்கிற நார்த்வில் மேபரி பார்க்கும் பிரைட்டன் ஐலண்ட் லேக்கும்தான். வேலை முடிந்து சாயந்திரம் ஐந்தரைக்குக் கிளம்பினாலும் எட்டு மணிவரை நல்ல வெளிச்சம் இருக்கும். பிளாஸ்கில் காபி, ஒரு டப்பா முறுக்கு, அதே பெஞ்ச். அத்தைக்கு மேபரியில் வழியே மனப்பாடமாகிவிட்டது. கென்சிங்டன் பக்கத்தில்தான் இருக்கிறது, கொக்குகள் கிட்டத்திலேயே நடமாடும், ஆனால் அது மெட்ரோபார்க், ஸ்டேட் பார்க் இல்லை, அதற்குத் தனிப் பாஸ். டெட்ராய்ட் பக்கம் என்றால் பெல் ஐல் தீவு, 2014லிருந்து ஸ்டேட் பார்க்காக நடக்கிறது, இதே ஸ்டிக்கர் போதும்.

கேம்ப் போடுவதானால் ஆறு மாதத்துக்கு முன்பே, காலை எட்டு மணிக்குப் பதிவு இணையதளம் திறந்ததும் பதிவு செய்யுங்கள். வீட்டு விறகைக் கொண்டுபோகாதீர்கள், 2002இல் இந்த டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடித்த, ஆஷ் மரத்தைத் துளைத்துச் சாகடிக்கிற பூச்சி அப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது. அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். அப்பா அம்மா நவம்பர்வரை தங்குகிறார்கள் என்றால் 15ஆம் தேதியிலிருந்து துப்பாக்கி மான்வேட்டை சீசன். ரிக்ரியேஷன் ஏரியா என்று போர்டு இருக்கிற பல இடங்களில் வேட்டைக்கு அனுமதி உண்டு, நடக்கப் போனால் ஆரஞ்சு நிறத்தில் ஏதாவது போட்டுவிடுங்கள். அத்தையிடம் ஏற்கெனவே ஒரு காவிச் சால்வை இருந்தது, எங்களுக்கு அந்தச் செலவு மிச்சம்.